சாவி என் பையில்

முதலில் எஞ்சினை நிறுத்துங்கள்.
பிறகு சாவியை உருவி உங்கள் பையில் போடுங்கள்.
ஆணியில் மாட்டாதீர்கள், அடுத்தவரிடம் கொடுக்காதீர்கள்.
படகை விற்ற ராஸ்ட்ரன் இதைத்தான் இரண்டுமுறை சொன்னார்.
அவர் இடது கையில் மூன்று விரல்.
காரணம் நாங்கள் கேட்கவில்லை.

அப்போது நாங்கள் இருவர்.

மிடில்விச்சுக்கு ஒரு மைல் முன்னால்
படகு குலுங்கியது, புகை கறுத்தது,
சுக்கான் என் இடுப்பில் இடித்தது.
நவம்பர். நாலு மணிக்கே இருட்டிவிடும்.
கரையில் கட்டி, எஞ்சினை அணைத்து,
சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டி
பின்தளத்தில் குப்புறப் படுத்து
இரும்பு மூடியைத் திருகித் திறக்கிறேன்.
கீழே புரொப்பெல்லர், அதைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர்.
கையை விடுகிறேன், தோள்வரை.

முதல் நிமிடம் கடிக்கும்.
இரண்டாவது நிமிடம் கை என்னுடையதில்லை.
அதற்குள் விரல்கள் பார்த்தாக வேண்டும்:
நைலான் கயிறு.
மளிகைக்கடைப் பை, காது இன்னும் இருக்கிறது.
முள்கம்பியாக இருக்கலாம், மெதுவாக.
இது என்ன...
வேண்டாம், தெரியாமலே அறுப்போம்.

ரொட்டி வெட்டும் கத்தி, பல் வைத்தது.
அதுதான் இதற்கு உதவும்.
எம்ரிஸ் போனபோது கெட்டிலைக் கேட்டான், கொடுத்தேன்.
நல்ல கம்பளியைக் கேட்டான், கொடுத்தேன்.
கத்தியைக் கேட்டான்.

சண்டையொன்றும் இல்லை.
ஆட்லெமில் பதினைந்து நீர்ப்பூட்டுகள்,
ஒன்றன்பின் ஒன்றாக, மழையில்.
கரையில் நின்று அவன் இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற
கீழே நான் படகைப் பிடித்திருக்க
பன்னிரண்டாவதில் எட்டிப் பார்த்துச் சொன்னான்:
'எனக்கு ஒரு குளியல் தொட்டி வேண்டும், க்ளெனிஸ்.'
பாசிச் சுவர்களுக்கு நடுவில், ஆறடி கீழே, நான்.
தண்ணீர் ஏறி
அவன் முகத்துக்கு நேராக நான் வரும்வரை
பதில் யோசிக்க நேரம் இருந்தது.
கதவு திறந்தது. படகைச் செலுத்தினேன்.
மிச்சம் மூன்றையும் ஒரு தவறில்லாமல் கடந்தோம்.

இப்போது ஸ்டோக்கில் இருக்கிறான்.
நகராத வீடு, கதவிலக்கம் நாற்பத்தொன்று.
எனக்கு இலக்கம் இல்லை.
பதினான்கு நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்காதே
என்கிறது என் உரிமம்.
ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு பெண் முகவரி கேட்டாள்.
பாலத்தின் எண்ணைச் சொன்னேன்.
எந்தத் தெரு என்றாள்.
தெரு இல்லை, பாலம்தான்,
அதுவும் புதன்கிழமை வரைக்கும்தான் என்றேன்.
எழுதுவதை நிறுத்திவிட்டு என் முழங்கையைப் பார்த்தாள்,
நான் காட்ட வந்த முழங்கையை.

தனியாக நீர்ப்பூட்டு தாண்டுவது எப்படி என்று
யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்வேன்:
கயிற்றைப் பிடித்தபடி ஏணியில் ஏறு.
கதவுக்கட்டையில் முதுகை வை.
அவசரத்துக்கு அது அசையாது.
சும்மா சாய்ந்துகொண்டு
கடனையோ மழையையோ நினை,
அது நகரத் தொடங்கியிருக்கும்.

எல்லோரும் கேட்பது ஒன்றுதான்.
இதோ கரைப்பாதையில் குழந்தைவண்டி தள்ளி வருபவள்
குப்புறக் கிடக்கும் என்னிடமும் கேட்கிறாள்:
'குளிர்காலத்தில் உள்ளே குளிராதா?'
'அடுப்பு இருக்கே' என்கிறேன், ஒரு கை தண்ணீரில்.
மூன்று மூட்டைக் கரிதான் மிச்சம் என்பதை
அவளிடம் ஏன் சொல்ல வேண்டும்?

கடைசிச் சுற்று அவிழ்ந்தது.
இழுத்துப் போட்டேன்: பாதிக் கூடாரம்.
ஜிப் இன்னும் மூடியே இருந்தது.

மூடியை இறுக்கினேன்.
இதை மறந்து மூழ்கிய படகுகள் உண்டு,
இருமுறை தொட்டுப் பார்த்தேன்.
சாவி. இருமல். பிறகு அந்தப் பழைய தடதட.
வளைவுக்குள் குழந்தைவண்டி எங்களை முந்திப் போனது.

இரவில், தண்டு வெளியேறும் இடத்தில் சொட்டு விழுகிறது.
எண்ணினேன், நிமிடத்துக்கு ஏழு.
கிரீஸ் குப்பியின் பித்தளைப் பிடியில் ஒரு திருகு.
நின்றது.
இன்னும் அரைத் திருகு,
காது கொடுத்தபடி.